வெள்ளைக் காரில் வந்த நால்வர்

சென்னை,
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிரபாகர் எழுதுவது. நானும் சுகுணாவும் சௌக்கியம். நீயும் மாமாவும் கலைமதியும் எப்படி இருக்கிறீர்கள்? பக்கத்து வீட்டுக் காசியம்மாள் அக்காவின் முட்டிவலி தேவலையா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் ஒன்று கேட்டால் பாறைக்கொட்டாய் ஊரே சேர்ந்து பதில் சொல்கிறது. இது நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம்.

நம் பக்கத்துத் தண்ணீரில் புளோரைடு என்ற உப்பு அதிகம், அதனால்தான் பல் காவியாகிறது, எலும்பு பிடித்துக்கொள்கிறது என்று ஊரார் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினீர்களே, அது வீண்போகவில்லை. இதை விசாரிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டிருக்கிறது. எனக்கு அந்தக் குழுவின் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. டைப் அடிப்பதும் ஃபைல் தூக்குவதும்தான். முதல் பட்டியலில் பதினேழு ஊர்கள். அதில் நம் பாறைக்கொட்டாயும் இருக்கிறது.

குழு நேரில் வந்து பார்க்கும். பார்த்ததை எழுதும். அதை வைத்துக் கடைசிப் பட்டியல் போடுவார்கள். அதில் நிற்கிற ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் பைப் வரும். நிற்காத ஊர் இன்னும் எத்தனை வருடம் காத்திருக்குமோ, எனக்குத் தெரியாது.

என்றைக்கு வருவார்கள் என்று எங்களுக்கே சொல்வதில்லை. ஆனால் உனக்குப் பார்த்ததும் தெரியும். முன்னால் ஜீப் வரும், கூட வி.ஏ.ஓ. வருவார். அன்றைக்கு ஊரார் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். நம் வழக்கப்படி வந்தவர்களை உபசரித்தே அனுப்பிவிடாதீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். கலைமதிக்கு அன்பு.

உன் தம்பி,
பிரபாகர்

*

பாறைக்கொட்டாய், ஏரியூர் வழி
27.1.2025

அன்புத் தம்பிக்கு அக்கா தீர்த்தம்மாளின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நல்ல சுகம். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சுகுணா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் பட்டினி கிடக்கப் போகிறாள்.

உன் கமிட்டி இன்னும் வரவில்லை. ஜீப்பும் காணோம், வி.ஏ.ஓ.வும் காணோம். வரட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. நம் கலைமதிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது!

தரகர் கருப்பண்ணன் கொண்டுவந்த இடம். கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பையன் பெயர் மதியழகன். தர்மபுரியில் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. "பொங்கல் கழிஞ்சு ஆள் அனுப்பி விசாரிப்பாங்க. யாருன்னு சொல்லிக்க மாட்டாங்க. நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்று கருப்பண்ணன் சொல்லி வைத்திருந்தார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? உனக்குப் பெண் எடுக்கும் முன் சுகுணா ஊருக்கு மாடு வாங்க வந்தவள் மாதிரி போய் விசாரித்துவிட்டு வந்தவள் நான்தானே.

அதேபோல் 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக் கார் வந்தது. இரண்டு ஆண், இரண்டு பெண். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பையனுக்குப் பெரியம்மாவாக இருக்கும், கொஞ்சம் அதிகாரமாகவே பேசினார். நேரே நம் வீட்டுக்கு வராமல் நாலு வீடு ஏறி இறங்கினார்கள். "இந்த ஊர்ல யாருக்காச்சும் முட்டிவலி இருக்குதுங்களா?" என்று கேட்டதற்கு, நம் காசியம்மாள் அக்கா சுவரை விட்டு எழுந்து நின்று, "எனக்கெல்லாம் ஒன்னும் கெடையாதுங்க. ஏரியூர் சந்தைக்கு நடந்தே போய்ட்டு வருவேன்" என்றாளாம். பத்தடி நடக்க இரண்டு முறை உட்காருகிறவள்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நம் வீட்டில் கேன் தண்ணீர் வாங்கித் தயாராக வைத்திருந்தேன். சொம்பில் ஊற்றிக் கொடுத்தேன். "எங்க தண்ணிங்க இது?" என்றார் அந்த அம்மா. "நம்ம டேங்க் பைப்புதாங்க" என்றேன். கூட வந்தவர் ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலிலும் பிடித்துக்கொண்டார். பெண் கேட்டு வருகிறவர்கள் தண்ணீரையா எடுத்துப் போவார்கள்? எனக்குக் குழப்பம்தான். உன் மாமா, "பையன் லேப்ல இருக்கறான். அவங்க வூட்டுக்காரங்க அப்படித்தான் இருப்பாங்க" என்றார். கலைமதியை உட்கார்ந்து எழச் சொன்னார்கள், குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார்கள். எல்லாம் செய்தாள். பல்லைப் பார்க்கக் கேட்டபோது மட்டும், பால் பொங்குகிறது என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டேன்.

திருப்தியாகத்தான் போனார்கள். முடிந்தால் வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். சுகுணாவை இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்.

அன்புடன் அக்கா,
தீர்த்தம்மாள்

*

சென்னை,
18.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதம் வந்த வாரம் ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கலைமதிக்கு இடம் வந்திருக்கிறது என்று சுகுணாவிடம் சொன்னதோடு சரி. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இப்போது நான் எழுதுவது வேறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று குழுவின் பார்வைக் குறிப்பு டைப் அடிக்க வந்தது. பாறைக்கொட்டாய் பற்றி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "எலும்பு, மூட்டு நோய் எவருக்கும் இல்லை. முதியவர்கள் சந்தைக்கு நடந்தே சென்று வருகின்றனர். குடிநீர் சுவையாக உள்ளது. ஆய்வக முடிவின்படி புளோரைடு அளவு இயல்பானது. மனு மிகைப்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது. பட்டியலிலிருந்து நீக்கலாம்."

என் கையாலேயே அடித்தேன் அக்கா. பள்ளிக்கூடத்துத் தண்ணீரை மூன்று வருடம் முன்பு சோதித்தபோது அளவு எக்கச்சக்கமாக இருந்ததே, அது எங்கே போனது? மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, சொந்த ஊர் என்பதால் மனுவை ஊதிப் பெரிதாக்கி எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டார். மெமோ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்கூடத் தேவலை, கேள்வியோடு விட்டுவிட்டார். இவர்கள் எப்போது வந்தார்கள்? யாரைப் பார்த்தார்கள்? ஜீப் வந்ததாக நீ எழுதவே இல்லையே.

பிரபாகர்

பி.கு: கவரை ஒட்டும் முன் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக் கார். நான்கு பேர். அக்கா, பாட்டிலில் தண்ணீர் பிடித்தவருக்குத் தாடி இருந்ததா?

*

பாறைக்கொட்டாய்
3.3.2025

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், வெளியில் அலையாதே.

நிலக்கடலை இந்த முறை பரவாயில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. தாடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு ஞாபகமில்லை. இருந்த மாதிரியும் இருக்கிறது.

ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன். இந்தக் கமிட்டிக்காரர்கள் ஒன்றை எழுதிவிட்டால் எழுதினதுதானா? யாராவது ஏதாவது தெரியாமல் சொல்லியிருந்தால் அழித்து எழுத முடியுமா?

அன்புடன் அக்கா,
தீர்த்தம்மாள்

*

சென்னை,
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீ எழுதியதை நம்பத்தான் வேண்டும்.

இருந்தது, அக்கா. தாடி இருந்தது. அவர் குழுவில் இருக்கிற தண்ணீர் ஆய்வு நிபுணர். கண்ணாடி போட்ட பெரியம்மா குழுவின் தலைவர். ஓய்வுபெற்ற அதிகாரி. முதல் முறை போகும்போது யார் என்று சொல்லக்கூடாது, சொன்னால் ஜனங்கள் ஒன்றை ஒன்பதாகச் சொல்வார்கள் என்பது அவருடைய கொள்கையாம். இது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. ஜீப் வரும் என்று எழுதி உன்னைக் குழப்பியவன் நான். அந்தத் தப்பு என்னுடையது.

ஆனால் கடத்தூர்க்காரர்கள் ஆள் அனுப்பினார்களா இல்லையா என்று கருப்பண்ணனைக் கேட்டாயா? நீ எழுதவில்லை.

அழித்து எழுத ஒரே ஒரு வழி இருக்கிறது. ஏப்ரல் 28, திங்கட்கிழமை, தர்மபுரியில் ஆட்சேபணை கேட்கிறார்கள். ஊர்க்காரர் யாராவது நேரில் வந்து, முன்பு சொன்னது தவறு, காரணம் இது என்று சொல்ல வேண்டும். சொல்கிறவர் பெயரும் சொன்ன விஷயமும் அறிக்கையின் பின்னால் அச்சாகும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

யார் வருவீர்கள் என்று உடனே எழுது.

பிரபாகர்

*

சென்னை,
12.4.2025

அக்கா,

பதிலே இல்லை. உடம்பு சரியில்லையா? போன் செய்தால் மாமா எடுத்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கறோம் மாப்ள" என்று சொல்லி வைத்துவிடுகிறார். பின்னால் உன் குரல் கேட்கிறது. நீ பேச மட்டும் வரவில்லை. இன்னும் பதினாறு நாள்தான். ஒரு வரியாவது எழுது.

பிரபாகர்

*

பாறைக்கொட்டாய்
19.4.2025

அன்புத் தம்பிக்கு,

இந்த முறை சுகம் என்று எழுதப் போவதில்லை. காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இடுப்பு இளகுவதற்கு. உன் மாமாவுக்குக் கழுத்து திரும்பாது. கலைமதிக்கு இருபத்துமூன்று வயது. அன்றைக்கு அவர்கள் முன்னால் உட்கார்ந்து எழுந்துவிட்டு இரண்டு நாள் மாத்திரை போட்டாள். அதையும் உனக்கு எழுதவில்லை.

கருப்பண்ணனைக் கேட்டேன். "அவங்க இன்னும் யாரையும் அனுப்பவே இல்லீங்களே. வூட்டுல ஒரு துக்கம், தள்ளிப் போட்டிருக்கறாங்க" என்றார். வெள்ளைக் காரில் வந்தவர்கள் யார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

இன்னொன்றும் மறைத்தேன். ஊரார் தாமாகப் பொய் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன் வீடுவீடாகப் போய், "யாராச்சும் வந்து கேட்டா ஊர்ல ஒரு நோவும் இல்லைன்னு சொல்லுங்க, எம்பொண்ணு வாழ்க்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தவள் நான். ஒரு வீடுகூட மறுத்துச் சொல்லவில்லை தம்பி. எல்லோரும் எனக்காகச் சொன்னார்கள். எனக்காகவே தண்ணீரைத் தொலைத்தார்கள்.

காசியம்மாள் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சரி வுடு. இத்தன வருசம் குடிச்சமே, இன்னும் நாலு வருசம் குடிச்சுட்டுப் போறோம். புள்ளய மொதல்ல கரையேத்து" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபமும் வருகிறது. "நாங்க கமிட்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும்? பெண் பார்க்க வருகிறவர்கள்தான் ஒளிந்து விசாரிக்கிறார்கள் என்றால் அரசாங்கமுமா?

இப்போது சொல். நான் தர்மபுரிக்கு வந்து, எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பல் இப்படி, எலும்பு இப்படி என்று சொன்னால் அது பெயரோடு அச்சாகும். அதைப் படித்த எந்த வீட்டில் கலைமதியைக் கேட்பார்கள்? வராவிட்டால் ஊருக்குத் துரோகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. பெயர் போடாமல் சொல்ல ஒரு வழி இருந்தால் விசாரித்து எழுது.

அக்கா

*

சென்னை,
23.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். பெயர் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

வா என்றும் என்னால் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை. ஊரும் எனக்கு வேண்டும். கலைமதியும் என் அக்கா பெண். இதே குழுவில் உட்கார்ந்துகொண்டு என் பெயர் கெட்டதைப் பற்றியே இரண்டு மாதம் கவலைப்பட்டேன், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கலைமதியிடம் கேட்டாயா? அவளைப் பற்றித்தான் இத்தனை பேச்சும். அவள் என்ன சொல்கிறாள் என்று உன் ஒரு கடிதத்திலும் இல்லை.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாத்திரையாகவே விழுங்காதே.

பிரபாகர்

*

பாறைக்கொட்டாய்
30.4.2025

அன்பு மாமாவுக்கு கலைமதி எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் நலமா? அம்மா படுத்திருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பேசப் பிடிக்கவில்லை என்கிறாள். நடந்ததை நானே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நீயே சொல்லு" என்றாள். போகலாம் என்றேன். இந்த இடம் தட்டிப் போனால் இன்னொரு இடத்திலும் இதே பொய்யைச் சொல்ல வேண்டும், பிறகு ஆயுசு முழுக்க வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது மாமா.

தர்மபுரியில் பெரிய ஹால். எங்கள் முறை மத்தியானம் வந்தது. அம்மா எழுந்து நின்றதும் தலைவர் அம்மா பார்த்துவிட்டு, "நீங்கதானே எனக்குத் தண்ணி குடுத்தீங்க?" என்றார். அம்மா, "ஆமாங்க. அது கேன் தண்ணிங்க. நீங்க பையன் வூட்டுக்காரங்கன்னு நெனச்சுட்டோம்" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. தாடிக்காரரும் சிரித்தார். "சிரிக்காதீங்கய்யா. எம்பொண்ணு கல்யாணத்தயே பணயம் வெச்சுத்தான் சொல்ல வந்திருக்கறேன்" என்றாள் அம்மா. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வீடுவீடாகப் போய்க் கும்பிட்டதைக்கூட மறைக்காமல் சொன்னாள். நான் எழுந்து பல்லைக் காட்டினேன். என் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தலைவர் அம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, மறுபடி ஆள் அனுப்பிப் பைப்பிலிருந்தே தண்ணீர் எடுக்கச் சொல்கிறேன் என்றார்.

மறுநாளே கருப்பண்ணன், "பேப்பர்காரங்க வேற வந்திருந்தாங்களாமே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து அவர் போன் அணைந்திருக்கிறது. நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது.

அன்புடன்,
கலைமதி

*

சென்னை,
30.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இடுப்பு எப்படி இருக்கிறது? மூன்று மாதமாக நீ எழுதவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை.

குழுவின் அறிக்கையை மேலே அனுப்பியாகிவிட்டது. அதில் ஒரு பரிந்துரை: "திருமணத் தடைக்கு அஞ்சி மக்கள் நோயை மறைக்கின்றனர். எனவே இனி வாய்மொழியை மட்டும் ஆதாரமாகக் கொள்ளலாகாது. குழாயிலிருந்து நேரடியாக நீர் எடுத்தும், பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தும் மட்டுமே ஊர்களைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டும். விசாரிப்போர் தம்மை யார் எனத் தெரிவிக்க வேண்டும்." இதை விதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் சொன்ன பொய்யால் விதி மாறியதா, பிறகு சொன்ன நிஜத்தால் மாறியதா? இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதா என்றுகூடத் தெரியாமல் டைப் அடித்தேன்.

நம் ஊர் இப்போதைக்கு நிறுத்தி வைத்த பட்டியலில் இருக்கிறது. ஆகஸ்டில் தண்ணீர் எடுக்க ஆள் வரும். அந்த முடிவைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கடத்தூர்ப் பக்கமிருந்து ஏதாவது?

பிரபாகர்

*

பாறைக்கொட்டாய்
21.8.2025

அன்புத் தம்பிக்கும் சுகுணாவுக்கும் அக்காவின் ஆசீர்வாதம். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி நடமாடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வந்தது. மறுபடியும் நான்கு பேர். நீதான் ஆகஸ்டில் ஆள் வரும் என்று எழுதியிருந்தாயே, ஊரே ஓடிவந்துவிட்டது. இந்த முறை யாரும் ஒன்றையும் விடவில்லை. காசியம்மாள் அக்கா அவர்கள் முன்னால் நடந்து காட்டி, பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பல்லைக் காட்ட வைத்தார்கள். உன் மாமா கழுத்தைத் திருப்ப முயன்று காட்டினார். நான் பைப்பிலிருந்து நேராகப் பிடித்து, "குடிச்சுப் பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்று சொம்பை நீட்டினேன். கலைமதி தானே வந்து, தனக்கு எந்தெந்த மூட்டு வலிக்கிறது என்று சொன்னாள்.

அவர்கள் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. புது விதிப்படி யார் என்று சொல்ல வேண்டுமே என்று நினைத்து, "நீங்க எந்த ஆபீசுங்க?" என்றேன். பின்னால் நின்ற பையன், "ஆபீஸ் இல்லீங்க. நான் மதியழகன். கடத்தூர்ப் பக்கம். இது எங்கம்மா" என்றான்.

தம்பி, நீட்டிய சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். காசியம்மாள் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழக்கூட இல்லை, அழ ஆரம்பித்துவிட்டாள். தர்மபுரியில் நாங்கள் பேசியது பேப்பரில் வந்ததைப் பார்த்துவிட்டு, நேரில் பார்க்கலாம் என்று வந்திருக்கிறார்கள்.

பையனின் அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். உட்காரவே பையன் கை கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு புடவையை முட்டி வரைக்கும் தூக்கிக் காட்டினார். வீங்கி, ஒரு பக்கமாக வளைந்து, நம் காசியம்மாள் அக்காவின் முட்டியேதான். "எங்கூர்லயும் இதே கதைதாங்க. எம்பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு நாங்களும் வாயத் தொறந்ததில்ல. இத எந்தக் கமிட்டிக்கிட்டங்க சொல்லணும்?" என்றார். பையன், "தெனமும் ஊர்க்காரங்க ரத்தத்தையெல்லாம் டெஸ்ட் பண்றேன். எங்கூர்த் தண்ணிய ஒரு நாள் பண்ணிப் பாத்ததில்லைங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

கலைமதி உள்ளே போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்காரும்போது வலித்திருக்கும், முகம் சுளித்தாள், மறைக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல இவள் மனு எழுதினாள். பையன் தங்கள் ஊரில் இருக்கிற பைப்புகளை எண்ணிச் சொன்னான்.

கல்யாணத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நேற்று நிஜமான ஆட்களும் அடையாள அட்டையோடு வந்து பைப்பில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். முடிவு எப்போது என்று தெரியவில்லை.

அந்த மனுவை இதோடு வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது, இரண்டாவது பையனுடையது. அவர்கள் ஊர் உங்கள் பதினேழில் இல்லை. எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடு.

அன்புடன் அக்கா,
தீர்த்தம்மாள்